வேர்க்காத உடம்பு

என் சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷின் பக்கம் பத்து நிமிஷம் நின்றால் போதும், சட்டையைப் பிழியலாம். அங்கே நிற்க ஆள் கிடைக்காமல் நான் நாய் படாத பாடு பட்டிருக்கிறேன். என் தம்பி மனைவி மட்டும், பிள்ளை பெற்று வந்த பிறகு, தானாகவே அங்கே போய் நின்றுகொள்வாள், அதுவும் ஸ்வெட்டரோடு. ஒரு பொட்டு வேர்க்காது. கொடுத்துவைத்த உடம்பு என்று எட்டு வருஷம் அவளை அங்கேயே நிறுத்தினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்காமல் போனது. ஆறு பாட்டில் ஏற்றித்தான் பிழைத்தாள். பிறந்த பெண் குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். எனக்குப் பிள்ளையில்லை. கொடுத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் தேறவில்லை. எந்நேரமும் தூக்கம், எதைச் சொன்னாலும் மறதி. குழந்தைக்குப் பால்பவுடர்தான். "பால் கொடுத்தா அழகு குறைஞ்சிடுமோ மகாராணிக்கு?" என்று நாலு பேர் நடுவில் கேட்டிருக்கிறேன். "பாப்பாவ இன்னைக்கு என்கிட்ட படுக்க வச்சுக்கறேன் அண்ணி" என்று அவ்வப்போது வந்து நிற்பாள். "முதல்ல நீ முழிச்சிருக்கப் பாரு தாயே" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான்.

டாக்டரிடம் போனால் கூடப் போவதும் நான்தான், பேசுவதும் நான்தான். "ரத்த சோகை சார், ஒழுங்கா சாப்பிட மாட்டா." அவர்களும் சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். மாதவிலக்கு அடியோடு நின்றுபோனதை அவள் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. சொல்ல நானும் இடம் கொடுக்கவில்லை.

போன வருஷம் காய்ச்சலும் வாந்தியுமாக இரண்டு நாள் கிடந்தவள், மூன்றாம் நாள் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவள் கண் திறந்து பேச ஆரம்பித்ததும் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா கேட்டார்: "பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சா? அப்புறம் பால் வந்துச்சா?"

வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா, அவங்க சொல்லட்டும்" என்றார்.

"ஒரு சொட்டு வரல டாக்டர். அண்ணிகிட்ட அப்பவே சொன்னேன்" என்றாள் அவள். குற்றம் சாட்டும் குரலே இல்லை. ஐயோ, அவள் சொன்னது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பியாம். அவ்வளவு ரத்தம் போனதில் அது பட்டுப்போய்விட்டது. பால், மாதவிலக்கு, தெம்பு, உடம்புச் சூடு எல்லாம் அதன் கையில்தான் இருக்கிறதாம். பாவி மகள், குளிர் தாங்காமல்தான் அந்த மெஷினை ஒட்டி நின்றிருக்கிறாள். முதலில் ஸ்டீராய்டு, பிறகு தைராய்டு மாத்திரை, ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்றார்கள். "முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கலாமே" என்று டாக்டரம்மா சொன்னபோது நான் தரையைப் பார்த்தேன்.

நாலைந்து மாதத்தில் ஆள் தெளிந்துவிட்டாள். எனக்கு முன்னால் எழுந்து அடுப்படியில் பாத்திரம் உருட்டினாள். ஒருநாள் காலை, பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம், சீப்பை எடுத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். பாப்பா அவளைத் தாண்டி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்ட போடி" என்றேன்.

"அவங்களுக்குப் பின்னத் தெரியாது அத்தை."

தம்பி மனைவி சிரித்தாள். "நெஜந்தானே அண்ணி, நான் எப்ப பின்னிவிட்டேன்?" என்று சீப்பை என்னிடம் நீட்டினாள்.

எனக்குக் கை எழவில்லை. நேரமாகிறது என்று பாப்பா அவசரப்படுத்தினாள். வாங்கிப் பின்னினேன். தம்பி மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் எப்படிப் பின்னுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.