ஒன்பது நாள் நின்ற லைன்

சேகர் சார் என்னைக் கூப்பிட்டபோது விண்ணப்பம் போட இன்னும் பத்து நாள்தான் பாக்கி. பென்னலூர் பக்கம் அவருக்கு ஒரு சின்ன பாஸ்பேட்டிங் யூனிட். கார் கம்பெனிகளுக்குப் போகும் இரும்பு பிராக்கெட்டுகளை, பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஆசிட்டிலும் பாஸ்பேட்டிலும் முக்கிக் கழுவிக் கொடுப்பார்கள். கழுவும் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் மெஷின் ஒன்று வாங்க அரசு மானியம் கேட்க நினைத்தார். அதற்கு, கழிவுநீரைச் சட்டப்படி சுத்தம் செய்கிறோம் என்று ஆதாரம் காட்ட வேண்டும். அந்த ஆதாரங்களைத் தேடி எடுத்து ஃபைல் போட்டுக் கொடுப்பது என் வேலை. பெயின்ட் கம்பெனி லேபில் பதினான்கு வருஷம் கெமிஸ்டாக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் நான்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் கன்சென்ட் ஆர்டர் நடப்பில் இருந்தது. லேப் ரிப்போர்ட்டுகளும் சரி. கடைசியாக இ.டி.பி., அதாவது கழிவுநீர் சுத்தம் செய்யும் பிளான்ட்டின் லாக் புத்தகத்தைத் திறந்தேன். தினமும் தண்ணீரின் பி.எச்., அதாவது அமிலத்தன்மை, எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். வருஷம் முழுக்க 7.2.

"பொங்கலன்னைக்கு பிளான்ட் ஓடுச்சா சார்?"

"இன்னா மேடம், அன்னைக்கு லீவாச்சே."

"அன்னைக்கும் 7.2 போட்டிருக்கு."

சேகர் சார் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாசக் கடைசில சூப்பர்வைசர் ஒக்காந்து மொத்தமா எழுதிடுவாரு. எல்லா எடத்துலயும் இப்படித்தான் ஓடிக்கினு கீது. இன்னா நம்பர் வேணும்னு நீங்க சொல்லுங்க, புது புக்கே எழுதிக்கலாம்."

"அதுக்கு நான் தேவையில்ல சார்."

பையை மூடினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப வேற வழி கீதா மேடம்?"

மூன்று கட்டுக் காகிதம்

வழி இருந்தது. பிளான்ட்டுக்குத் தனி கரன்ட் மீட்டர். எலக்ட்ரீஷியன் காலையில் வந்ததும் அதைப் பார்த்து எழுதி வைப்பார். ஆசிட் தண்ணீரைச் சரிசெய்யப் போடும் சுண்ணாம்புக்கு பில் இருந்தது. வடிகட்டி எடுத்த கசடை ஏற்றி அனுப்பியதற்கு ரசீது இருந்தது. பிளான்ட் உண்மையில் ஓடியிருந்தால் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். மாசம் மாசமாக எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். பதினோரு மாசம் ஒத்துப்போனது. ஆகஸ்ட்டில் மட்டும் தொடர்ந்து ஒன்பது நாள் மீட்டர் நகரவே இல்லை.

யூனிட்டுக்குப் பின்னால் ஏரிக்குப் போகும் கால்வாய் இருந்தது. ஆசிட் தண்ணீரை அதில் திறந்துவிட்டிருந்தால் இந்த ஃபைலை நான் தொடக்கூடாது.

பிளான்ட் ஆபரேட்டர் இசக்கியை வரச் சொன்னேன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்.

"இந்த ஒன்பது நாள் தண்ணி எங்க போச்சு இசக்கி?"

அவர் முதலாளியைப் பார்த்தார். "சொல்லுப்பா," என்றார் சேகர் சார், தலையைக் குனிந்துகொண்டு.

"எங்கயும் போவல மேடம். பம்ப் மோட்டார் எரிஞ்சு போச்சு. டேங்க் ரொம்பினதும் பிராக்கெட் கழுவற லைனையே நிறுத்தச் சொல்லிட்டாவ. நாங்க ஒன்பது நாளும் ஷெட்டுக்கு பெயின்ட் அடிச்சிட்டுக் கெடந்தோம்."

நான் சேகர் சாரைப் பார்த்தேன். "இதை எதுக்கு சார் மறைக்கிறீங்க?"

"கஸ்டமர்கிட்ட வண்டி ரிப்பேர்னு சொல்லி, இருந்த ஸ்டாக்க கொஞ்சங்கொஞ்சமா அனுப்பிக்கினு இருந்தேன் மேடம். லைன் நின்னது தெரிஞ்சா ஆர்டர வேற வெண்டாருக்கு மாத்திடுவாங்க. இருபத்திரெண்டு பேர் இங்க வேல செய்யறாங்க."

"கால்வாயில திறந்து விட்டிருந்தா உங்க லைன் ஓடியிருக்கும். நீங்க அதைச் செய்யல. இந்த ஃபைல்ல இதைவிடப் பெரிய ஆதாரம் எதுவும் இல்ல சார். இதை மறைச்சீங்கன்னா, மீட்டரைப் பாக்கற ஆபீசர் இப்ப நான் நெனச்சதைத்தான் நெனைப்பாரு."

ஒரு நாள் டைம் கேட்டார். மறுநாள் மதியம் போன் வந்தது. ஒரகடத்தில் இருக்கும் கஸ்டமர் கம்பெனிக்கு நேரிலேயே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்.

"பர்சேஸ் மேனேஜர் நல்லா கத்தினாரு மேடம். ஒரு பார்ட் ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. மத்ததெல்லாம் நம்மகிட்டயே கீது. ஸ்பேர் பம்ப் வாங்கி வெச்சு போட்டோ அனுப்பச் சொன்னாரு." குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் தயக்கம் போயிருந்தது. "நீங்க எழுதுங்க."

ஆய்வு

லாக் புத்தகம் தினப்படி எழுதப்படவில்லை என்று விண்ணப்பக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதினேன். மீட்டர் குறிப்பு, சுண்ணாம்பு பில், கசடு ரசீது, எரிந்த மோட்டாரைச் சரிசெய்த பில், ஒன்பது நாளும் பூஜ்யம் காட்டும் புரொடக்‌ஷன் ரெஜிஸ்டர் எல்லாவற்றையும் சேர்த்தேன். அன்றிலிருந்து ஷிப்ட்டுக்கு ஒரு தடவை இசக்கியே பி.எச். அளந்து எழுதினார். முதல் ஷிப்ட்டில் 6.8, அடுத்ததில் 7.6.

ஆய்வுக்கு வந்த வாரிய அதிகாரி நேராக ஆகஸ்ட்டுக்குத்தான் போனார். சேகர் சாரே நின்று பதில் சொன்னார். அதிகாரி கால்வாய் ஓரமாக நடந்து போய் மண்ணைப் பார்த்தார், பிளான்ட்டிலிருந்து வெளிவரும் தண்ணீரைத் தன் கையாலேயே பாட்டிலில் பிடித்தார்.

"லாக் எழுதாதது தப்பு. நோட்டீஸ் வரும், பதில் குடுங்க," என்றார். ஜீப்பில் ஏறும் முன், "கணக்கு ஒத்துப்போகுது," என்று மட்டும் சொன்னார்.

நோட்டீஸ் வந்தது, பதில் கொடுத்தோம். வெளிவரும் தண்ணீரை அளக்க ஃப்ளோ மீட்டர் பொருத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு மானியமும் வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிளான்ட் என்று இருந்தால் ஒரு நாள் நிற்கும். நின்றபோது அந்த முதலாளி என்ன செய்தார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மற்ற காகிதங்களை அதற்குப் பிறகு அடுக்கலாம்.

போன வாரம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு புது கிளையன்ட். பிளான்ட் கடைசியாக எப்போது நின்றது என்று கேட்டேன்.

"நம்ம பிளான்ட் நின்னதே இல்ல மேடம்," என்றார் பெருமையாக.

கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டு, கரன்ட் மீட்டர் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.