நானூற்று ஆறில் கேட்ட குரல்

யோகநாதனின் வேலை வானொலி அலைகளைத் துப்புத் துலக்குவது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர். தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். மகனும் அரசாங்க வேலைக்கே போனார். கூரையில் ஆன்டெனா வைத்த வேனில் கோலாலம்பூரையும் கிள்ளானையும் சுற்றுவார். அனுமதியில்லாத அலைவரிசையில் யார் பேசினாலும் தேடிப் போய் நிறுத்துவார். பெரும்பாலும் டாக்சிக்காரர்கள்தான் அகப்படுவார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வெளிநாட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. கப்பல் மூழ்கினால் அதிலுள்ள மிதவை ஒன்று தானாகக் கழன்று, நானூற்று ஆறு மெகாஹெர்ட்ஸில் உதவி கேட்டுக் கூப்பிடும். மேலே செல்லும் துணைக்கோள் அதைக் கேட்டு இடத்தைச் சொல்லும். மிதவையின் குரல் மிகவும் சன்னமானது. அதனால் அலைவரிசையின் அந்தச் சிறு துண்டில் வேறு யாரும் பேசக்கூடாது என்பது நாடுகள் கூடி எடுத்த முடிவு. இப்போது கிள்ளான் பக்கமிருந்து யாரோ அதில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், துணைக்கோளுக்கு வேறொன்றும் கேட்கவில்லை என்றது புகார்.

சில வாரத் தேடலுக்குப் பிறகு, கிள்ளானில் ஒரு தேவாலயத்தின் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் போய் நின்றது வேன். உள்ளே இரண்டு பழைய ஆம்புலன்ஸ்கள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற லெஸ்லி அவற்றை நடத்தி வந்தார். ரப்பர்த் தோட்டத்து நோயாளிகளை இலவசமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பது அவருடைய தொண்டு. வாக்கி டாக்கிகள் வெளிநாட்டுச் சபை ஒன்று கொடுத்த நன்கொடை. அங்கே எந்த அலைவரிசையில் வைத்தார்களோ, அதிலேயே இங்கேயும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

யோகநாதன் விஷயத்தைச் சொன்னார். லெஸ்லி பொறுமையாகக் கேட்டார்.

“சரி தம்பி, நிறுத்திடறேன். வேற சேனல் குடுங்க, மாத்திக்கறோம்.”

“அதுக்கு அப்ளை பண்ணணும் அங்கிள். கொஞ்ச நாள் ஆகும்.”

“அதுவரைக்கும் என் டிரைவருக்கு நான் எப்படிச் சொல்றது? கடல்ல போறவன் மட்டுந்தான் உயிரா?”

யோகநாதன் மேலதிகாரிக்குப் போன் செய்தார். இன்றே முத்திரையிட வேண்டும் என்று பதில் வந்தது. அவர் அரக்கை உருக்கி வாக்கி டாக்கிகளுக்கு முத்திரை வைத்தார். லெஸ்லி வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டார்.

விண்ணப்பத்தைத் தாமே எழுதிக்கொடுத்து, இலாகாவில் ஒவ்வொரு மேசையாக அலைந்தார் யோகநாதன். அது நகரவே இல்லை. இதற்கிடையே ஒரு பிற்பகலில், கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் லோரி டிரைவர் பாலனின் மனைவி சாந்தமேரிக்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்கவில்லை. கொட்டகைக்குப் போன் வந்தபோது ஒரு ஆம்புலன்ஸ் பழுது. இன்னொன்று காலியாகவே திரும்பிக்கொண்டிருந்தது, மேருவைத் தாண்டித்தான் வந்தது. டிரைவருக்குச் சொல்ல வழியில்லை. அவன் கொட்டகைக்கு வந்து, விஷயம் தெரிந்து திரும்பிப் போனான். குழந்தை பிழைத்தது. சாந்தமேரி ஆஸ்பத்திரி வாசலில் இறந்தாள்.

லெஸ்லிதான் போனில் சொன்னார். திட்டவில்லை. “உங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன்,” என்று வைத்துவிட்டார். அடக்கத்தன்று யோகநாதன் தேவாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாக்கி டாக்கிகளை நிறுத்தியது தவறு என்று அவரால் நினைக்க முடியவில்லை. நடுக்கடலில் யாராவது காப்பாற்றப்பட்டிருக்கலாம். ஆனால் அவர்களுடைய பெயர் அவருக்குத் தெரியாது. இறந்தவளின் பெயர் தெரியும்.

அடுத்த மாதமே லெஸ்லிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் யோகநாதன் அதோடு விடவில்லை. உயிர்காக்கும் சேவையின் வாக்கி டாக்கியை நிறுத்தினால், அதே நாளில் தற்காலிக அலைவரிசை ஒன்று கொடுத்தாக வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து பேசினார். “உங்க ஆம்புலன்ஸ் கதையா மறுபடியும்?” என்று சிரித்தார்கள். பதவி உயர்வு இளையவர்களுக்குப் போயிற்று. அவர் பேசுவதை நிறுத்தவில்லை. தொண்ணூற்று ஐந்தில் அது விதியானது.

விதி வெளியான அன்று சாயங்காலமே மேருவுக்குப் போனார். பாலன் வாசலில் லோரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். அன்று பிரசவத்தில் பிழைத்த மகள் அவன் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றாள். யோகநாதன் தாம் யார் என்று சொன்னார். பிறகு விதியைப் பற்றிச் சொன்னார்.

பாலன் நிமிரவில்லை. “அந்த சீல் வெச்ச ஆள் நீங்கதானா சார்?”

“ஆமா.”

“கடல்ல யாராச்சும் பொழைச்சாங்களா?”

“தெரியல பாலன். பொழைச்சிருந்தாலும் எனக்குத் தெரிய வராது.”

பாலன் ஸ்பானரைக் கீழே வைத்தான். “இனிமே வேற வீட்ல இப்படி நடக்காதுங்கறீங்க. நல்லதுதான். ஆனா என்கிட்ட நன்றி எதிர்பார்க்காதீங்க சார்.”

“அதுக்கு வரல. மத்தவங்க சொல்லி நீங்க கேக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்.”

பாலன் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டுவிட்டு, டயரைக் கழற்றும் வேலையைத் தொடர்ந்தான். யோகநாதன் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.