கடல் கண், உலைக் கண், வயல் கண்

"கீழ் வரி தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பதும், "தெரியல" என்ற ஒரே பதிலை விதவிதமான குரலில் வாங்கிக்கொள்வதும்தான் கண் முகாமில் வேலை.

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அந்த எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, தெரியாத எழுத்தை உத்தேசமாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தவர்தானே நீங்களும்? குச்சியோடு எதிரே நின்றவள் நான். தஞ்சாவூரில் ஒரு கண் ஆஸ்பத்திரி வேனில் டெல்டா பூராவும் சுற்றினேன். நான் நர்ஸ் இல்லை, பார்வை அளக்கிறவள். ஆனால் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் எல்லோரும் "சிஸ்டர்" என்றுவிடுவார்கள். கூடவே ஒரு டாக்டரம்மா, வேன் ஓட்ட செல்வராசு அண்ணன். ஒரே ஆற்றுத் தண்ணீர் பாய்கிற பூமிதான். ஆனால் கண்ணுக்கு வருகிற கோளாறு மட்டும் ஊருக்கு ஊர் வேறாக இருந்தது.

மூக்கோரத்துச் சதை

தரங்கம்பாடியில் மீனவர் பஞ்சாயத்துக் கட்டிடத்தில் முகாம். வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் பலருக்கும் மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாகச் சதை வளர்ந்திருந்தது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயில், உப்புக்காற்று, மணல் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. வேலாயுதம் என்பவருக்குச் சதை கண் பாப்பாவைத் தொட்டேவிட்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றேன். அவர் என் கண்ணுக்குள் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இன்னும் இது வரலியா சிஸ்டர்?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

சிரித்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கடலில் எதிரே வந்த படகை மிகவும் கிட்டத்தில் வந்தபிறகுதான் பார்த்ததாக அவரே சொல்லியிருந்தார். அவர் மனைவி பிடித்த பிடியில் கடைசியாக ஒத்துக்கொண்டார். சதையை எடுத்து, கடலுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளக் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்து அனுப்பினோம். மறுபரிசோதனைக்கு வந்தவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பார்வை ஜோரா இருக்கு சிஸ்டர். கரையில நிக்கிறப்பதான், சதையில்லாத கண்ணப் பாத்துட்டு எந்த ஊரு நீங்கன்னு கேக்குறானுங்க."

உலைக்கு முன்னால்

சுவாமிமலைச் சிலைப் பட்டறைகளில் வேறு கதை. உலையில் உருகுகிற உலோகத்தை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே நிற்பவர்களுக்குக் கண்புரை சீக்கிரமாக வந்துவிடுகிறது என்பார் டாக்டரம்மா. சந்தானம் அண்ணன் அப்படி வந்தவர். அம்பது வயசுகூட ஆகவில்லை, இரண்டு கண்ணிலும் பால் ஊற்றின மாதிரி புரை. கை பழகிய வேலை என்பதால் தடவிப் பார்த்தே அரம் போட்டுக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகிறபோது வேனில் தன் விரல்களையே தடவிக்கொண்டு வந்தார். கண் போனால் தொழிலும் போச்சு என்கிற நினைப்பு.

இரண்டு கண்ணுக்கும் லென்ஸ் வைத்து முடித்தபின் ஒருநாள் அந்தப் பக்கம் போன நாங்கள் பட்டறையில் எட்டிப் பார்த்தோம். அவர் மூலையில் இருந்த ஒரு அம்மன் சிலையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூக்கு கோணலா இருக்கே, எவன்டா இத ராவுனது?" என்று சத்தம் போட்டார். அவர் தம்பிதான் மெதுவாகச் சொன்னார்: "நீங்கதாண்ணே. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு அப்புடியே வச்சிருக்கோம்."

அஞ்சம்மாளின் கண்

குத்தாலம் பக்கம் முகாம் என்றால் டாக்டரம்மா முகம் மாறிவிடும். களை பறிக்கக் குனிகிறபோது பயிரின் நுனி கண்ணில் குத்தும், அறுப்பில் நெல்லுச் சுணை தெறித்து விழும். சின்னக் கீறல்தான். அதில் பூஞ்சை பிடித்தால் கருவிழியே அழுகிவிடும்.

அஞ்சம்மாள் ஊர்ப் பெண்களைச் சேர்த்து நடவுக்கும் களைக்கும் கூட்டிப்போகிறவள். பயிர் குத்திய கண்ணில் விளக்கெண்ணெய் விட்டிருக்கிறாள், யாரோ சொன்னார்கள் என்று தாய்ப்பாலும் விட்டிருக்கிறாள். முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா, "இன்னைக்கே எங்ககூட வந்து அட்மிட் ஆகணும்மா. விட்டா கண்ணு போயிடும்" என்றார். அவள் எழுந்துவிட்டாள். "நாளைக்கு வேலைக்கு ஒத்துக்கிட்டிருக்கேன் டாக்டரம்மா. நான் படுத்துட்டா என் ஆளுங்கள வேற யாராச்சும் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் கண்ணு இருந்து என்ன பண்றது?"

வாசலில் நின்ற அவளுடைய வேலைக்கூட்டத்துப் பெண்களில் ராணி என்பவள் உள்ளே வந்தாள். அஞ்சம்மாளின் கையைப் பிடித்து வேனுக்கு இழுத்துக்கொண்டே, "ஏறுக்கா. நீ வர்றவரைக்கும் உன் பேரச் சொல்லித்தான் வயல்ல எறங்குவோம்" என்றாள். அப்படியே செய்தார்கள். ஆஸ்பத்திரியில் மணிக்கொரு தரம் மருந்து விட்டோம். தினமும் வார்டில் எட்டிப் பார்ப்பேன். கண் தெரியுமா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை, "ஊருப்பக்கம் மழ உண்டா சிஸ்டர்?" என்றுதான் கேட்பாள். கண் தப்பியது. கருவிழியில் மட்டும் வெள்ளையாக ஒரு தழும்பு, அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் புகைமூட்டம்.

அடுத்த சம்பாவில் குத்தாலத்தில் வேன் நின்றதும் முதல் ஆளாக அவள்தான் வந்தாள். அன்றைக்குக் காலையில் கண்ணில் சுணை விழுந்த ஒரு பெண்ணைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். எண்ணெய் எதுவும் விடவில்லையே என்று கேட்டேன். "விட உடுவேனா சிஸ்டர்? எனக்கு ஒண்ணே முக்கால் கண்ணுதான் மிச்சம். இவளுங்களுக்கு ரெண்டும் முழுசா இருக்கட்டும்."

பெட்டியில் வராதது

கடலோரத்தில் கடைத்தெரு உள்ள ஒரு ஊர். வளைகுடாவில் ரொம்ப காலம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பிய கமால் பாய், கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று மனைவியோடு வந்தார். எந்தக் கண்ணாடி மாட்டினாலும் எழுத்து தெளியவில்லை. டாக்டரம்மா பார்த்தபோது விழித்திரையில் ரத்தம் கசிந்திருந்தது. சர்க்கரை எத்தனை வருஷமாக என்று கேட்டதும் பாய் தலையைக் குனிந்துகொண்டார். ராத்திரி ஷிப்ட், நேரங்கெட்ட சாப்பாடு, தனி அறை. போனில் மனைவி கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்றே சொல்லியிருக்கிறார்.

லேசர் வைத்து, மிச்சமிருந்த பார்வையைக் காப்பாற்ற முடிந்தது. அது பிற்பாடு. அன்றைக்கு அவர் மனைவி அழவில்லை, கோபப்படவும் இல்லை. பாயின் சட்டையில் விழுந்திருந்த கண் மருந்தைத் துடைத்துவிட்டபடி என்னிடம் சொன்னார்: "சென்ட்டு, சோப்பு, போர்வை எல்லாத்தையும் பொட்டி கட்டி அனுப்பிட்டு, இத மட்டும் தனியாவே தூக்கிச் சொமந்திருக்காங்க பாருங்கம்மா."

இப்போது

வேன் ஓட்டம் என் முட்டிக்கு ஒத்துவராமல் போய், இப்போது தஞ்சாவூரிலேயே உட்கார்ந்து பார்வை அளக்கிறேன். லீவு விட்டால் பெஞ்சு முழுக்கப் பிள்ளைகள். கடற்கரைப் பிள்ளை, வயக்காட்டுப் பிள்ளை, கடைத்தெருப் பிள்ளை எல்லோருக்கும் ஒரே கிட்டப்பார்வை. கூட வருகிற பெற்றவர்களுக்கு, எந்த ஊரானாலும், சர்க்கரை.

போன வாரம் தனக்கே கண்ணாடி போட வந்த செல்வராசு அண்ணன், பெஞ்சில் செல்போனுக்குள் குனிந்திருந்த தலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாம வீணா டீசல் செலவு பண்ணி ஊர் ஊராப் போனோம் சிஸ்டர். இப்ப எல்லா ஊருக்கும் ஒரே கண்ணுதான்."

ஊருக்கொரு நோய் போனதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு, பழைய நோயாளிகளை நினைத்து ஏங்குகிறவள் இந்தத் தொழிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.