கல்வெட்டில் வந்த மகள்

திருகோணமலை டவுனில் ஒரு அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்க்கும் கம்போசிற்றராகச் சேர்ந்த முதல் நாளே முதலாளி, "ஒரு கல்வெட்டு வந்திருக்கு, கெதியாக் கோர்த்துத் தாரும்" என்றார். நான் கத்தோலிக்கன். எனக்குத் தெரிந்த கல்வெட்டு சேமக்காலையில் கல்லறைக்கு மேல் நடுகிற கல்தான். கையில் தந்ததோ பாட்டு எழுதிய கடதாசிகள்.

பாட்டை எழுதிய கந்தையா வாத்தியாரே என் முழியைப் பார்த்து விளக்கினார்.

"அந்தக் காலத்தில அரசன் செய்ததைக் கல்லில வெட்டி வைச்சவை. எங்கட சனம் செத்தவரின்ர புகழைப் புத்தகமா அடிச்சு முப்பத்தோராம் நாள் சபையில வாசிக்குது. கல்லுப் போயிட்டுது, பேர் நிண்டிட்டுது."

ஊர், தொழில், குணம் எல்லாம் பாடி, கடைசியில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் வரும். ஒவ்வொரு பிள்ளையும் தானே சொல்லி அழுவதுபோலப் பாட்டு. சில புலவர்மார் பழைய பாட்டில் பேரை மட்டும் மாற்றித் தள்ளிவிடுவார்கள். வாத்தியார் அந்த ஆள் இல்லை. செத்த வீட்டில் போயிருந்து எல்லோரிடமும் கதை கேட்டுத்தான் பேனையை எடுப்பார். அப்படி ஒரு மனிதரை நான் பிறகு காணவில்லை.

ஒருமுறை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அன்புவழிபுரத்துக்காரர் ஒருவர் இறந்துபோனார். அச்சேறுமுன் பிழை திருத்தும் புரூப்பைப் பார்க்க மூத்த மகன் வந்தார். பாட்டை எழுதிய வாத்தியாரும் அங்கே இருந்தார். மக்கள் புலம்பலில் கடைசித் தங்கை மலரின் பெயரைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது. மலர் ஒரு கத்தோலிக்கப் பெடியனைக் கட்டியவள். அண்ணன்மார் அவளை வாசல் படலைக்குள் விடுவதில்லை. தகப்பனின் செத்த வீட்டிலும் ரோட்டில் நின்றுதான் அழுதாளாம்.

"இவளின்ர பாட்டை எடுங்கோ மாஸ்டர். சபையில எங்களுக்கு மரியாதை இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. புதுசாய்ச் சேர்ந்தவன், என்ன பேசுவது?

வாத்தியார் சத்தம் போடவில்லை.

"எடுக்கலாம் தம்பி. அப்ப மேல உள்ள பாட்டையும் எடுக்கவேணும். பிள்ளையளில பேதம் பாராத தகப்பன் எண்டு எழுதியிருக்கிறன். வேலை முடிஞ்சு வரேக்க மலரின்ர வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வாறவராம். கொம்மா சொன்னவ. உமக்குத் தெரியுமோ?"

மகன் புரூப்பை மடித்துக்கொண்டு போய்விட்டார். "ஓடர் போச்சு" என்று முதலாளி தலையில் கை வைத்தார்.

மறுநாள் மகன் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"அம்மாட்டக் கேட்டனான். ஓமாம். இருக்கிறபடியே அடியுங்கோ."

முப்பத்தோராம் நாள் நானும் போனேன். வாத்தியார் வாசிக்க, சபை அமைதியாகக் கேட்டது. மலர் புருஷனோடு ரோட்டுக்கு அங்கால் வேப்பமரத்தடியில் நின்றாள். மக்கள் புலம்பல் தொடங்கும்போது மூத்த மகன் எழுந்து படலைக்குப் போனார். வாத்தியார் வாசிப்பை நிறுத்திக் காத்திருந்தார்.

"உள்ளுக்கு வா பிள்ளை. உன்ர பாட்டு வரப்போகுது."

மலர் விம்மிக்கொண்டே வந்தாள். புருஷன் தயங்கி அங்கேயே நின்றான்.

"மச்சான், நீங்களும் வாங்கோ."

பிறகு எத்தனையோ கல்வெட்டுக் கோர்த்துவிட்டேன். எந்தப் புலவர் பாட்டோடு வந்தாலும், "செத்த வீட்டுக்குப் போய்க் கதை கேட்டனீங்களோ?" என்று கேட்காமல் நான் எழுத்தில் கை வைத்ததில்லை.