அப்பா பார்த்த இந்திப் படம்

ஸ்டிரைக் முற்றியதும் மதுரையில் எங்கள் பெண்கள் கல்லூரியைக் காலவரையறையின்றி மூடிவிட்டார்கள். விடுதியைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு ஒட்டியிருந்தது. எண்பதுகளின் தொடக்கம், நான் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. திருமங்கலத்துக்கு மேற்கே இருந்த எங்கள் ஊரிலிருந்து அப்பா வந்து சேர்ந்தார். வேட்டியில் சேறு காய்ந்திருந்தது. வயலிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்க வேண்டும்.

“பெட்டியக் கட்டு ஆத்தா. படிச்ச வரைக்கும் போதும்” என்றார்.

என் வகுப்புத் தோழி பக்கத்தில் நின்றிருந்தாள். கோரிப்பாளையத்துக்காரி, வீட்டில் உருது பேசுகிறவள். அன்று மதியம் ஃபிலிம் சொசைட்டியில் ஓர் இந்திப் படத்துக்கு இருவரும் போவதாக இருந்தோம். ஒரு கல்லூரியில் நடக்கும் மாணவர் போராட்டம்தான் கதை. அவள் தயங்காமல் அப்பாவையும் கூப்பிட்டாள்.

“நீங்களும் வாங்கப்பா. படம் முடிஞ்சதும் பஸ் ஏறிரலாம்.”

வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரிடமும் அப்பாவுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது.

படத்தில் பாட்டு இல்லை, சண்டை இல்லை. எனக்கும் அப்பாவுக்கும் இந்தி தெரியாது. தோழி என் காதில் சொல்வாள், நான் அப்பா காதில் சொல்வேன். அதற்குள் திரையில் வேறொருவன் பேச ஆரம்பித்திருப்பான். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அப்பா மட்டும் தனியாகச் சிரித்தார்.

மாணவர்கள் முதல்வரை அவர் அறையிலேயே அடைத்துவைத்து வெளியே கோஷம் போட்டார்கள். அவர் டிபன் கேரியரைத் திறந்து ஒரு சப்பாத்தியைப் பிய்த்தார். தின்ன முடியாமல் மூடிவைத்தார்.

“அந்தாளு சாப்பிடலயே!” அப்பா உரக்கவே சொல்லிவிட்டார்.

பிறகு போலீஸ் வந்தது. தடியடியில் ஒரு மாணவி கீழே விழுந்தாள். தோழி சொல்வதை நிறுத்திவிட்டாள். அப்பா இருட்டில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். படம் முடியும்வரை விடவில்லை.

விளக்கு எரிந்ததும் கேட்டார். “முடிஞ்சிருச்சா? செயிச்சாங்களா, தோத்தாங்களா?”

“அதச் சொல்லலப்பா. இந்த மாதிரிப் படமெல்லாம் அப்படித்தானாம்.”

“நல்லாருக்கு போ.”

பஸ் திருப்பரங்குன்றம் தாண்டியதும் அப்பா கேட்டார்.

“நீயும் கத்துனியா?”

“கத்துனேன்ப்பா.”

“எதுக்கு?”

“ஹாஸ்டல்ல தண்ணி வரல. குளிக்க, துவைக்க எல்லாத்துக்கும் ஒரே வாளி. கேட்டா, இஷ்டம்னா இரு, இல்லன்னா வீட்டுக்குப் போன்னாங்க.”

அப்பா முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கண்மாய்த் தண்ணீருக்காக மடையில் நின்று ஊரோடு மல்லுக்கட்டியவர் அவர்.

“தண்ணிக்கா? நான் என்னமோ ஏதோன்னுல்ல பதறி ஓடியாந்தேன். தண்ணிக்குன்னா கத்த வேண்டியதுதான?” பிறகு, “அடிகிடி எதுவும் படலயே?” என்றார்.

“இல்லப்பா.”

வீட்டுக்குப் போனதும், “படிப்ப நிப்பாட்டப் போறேன்னீங்களே?” என்று அம்மா கேட்டாள். “யாரு சொன்னா?” என்றபடி அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

கல்லூரி திறந்தபோது அவரே என்னைக் கொண்டுவந்து விட்டார். வார்டனிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. விடுதி வாசலில் இருந்த குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, “இப்பயும் இம்புட்டுத்தான் வருதேம்மா” என்றார். வார்டன் குழாயை இறுக்கி மூடினார். மறுமாதம் புது மோட்டார் போட்டார்கள்.

அதற்குப் பிறகு மதுரைக்கு வரும்போதெல்லாம், “அந்தப் புள்ளயக் கேளு, இந்திப் படம் எதுவும் போடுறாங்களான்னு” என்பார். இன்னும் சில படங்கள் எங்களோடு பார்த்தார். ஒன்றில் முழுக்கத் தூங்கிவிட்டார். நாங்கள் எழுப்பவில்லை. அவர் தலை என் தோளில் சாய்ந்திருக்க, தோழி எனக்கு மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.