கரையில் கண்டது

எண்பதுகளின் நடுப்பகுதி. சண்டை எங்கள் தீவுக்கு இன்னும் வரவில்லை. வரப்போகுது என்று எல்லோரும் சொன்னார்கள். கடலுக்கு அப்பால் வெடிச்சத்தம் கேட்கும். ஓடவேண்டி வந்தால் என்று அம்மா உடுப்புகளை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தா. ஆனால் மாற்றுச்சட்டைக்கு ஒவ்வொருநாளும் அதைத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது.

கடலுக்குப் போகக்கூடாது என்று ஆமிக்காரர் தடை போட்டிருந்தார்கள். ஐயாவுக்கு வேறு தொழில் தெரியாது. கிழிந்த வலையைப் பொத்தினார். பொத்த ஒன்றும் மிஞ்சாதபோது நன்றாயிருந்த வேலியைப் பிரித்துத் திரும்பக் கட்டினார். வீட்டில் மாவும் முடிந்துபோக, ஒரு விடியற்காலை சொல்லாமல் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வெயில் ஏற, அம்மா மீன் அள்ளக் கடகத்துடன் கரைக்குப் போனா. பின்னால் நானும் நாலு வயதுத் தங்கச்சியும். தாழம்பற்றையடியில் வரும்போதே கண்டோம். றோந்து வந்த சிப்பாய்கள் சுற்றி நிற்க, ஐயா இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார். பிடித்த மீன் மண்ணில் கொட்டுண்டு கிடந்தது. இடுப்பில் சாரம் அவிழ்ந்தது. அதைப் பிடிக்கக்கூடக் கையை எடுக்க விடவில்லை.

அம்மா எங்களை இழுத்துக்கொண்டு திரும்பினா. "நாங்கள் கரைக்கு வரேல்லை. விளங்குதோ?"

ஐயா மத்தியானம் வந்தார். "மீன் ஒண்டும் படேல்லை" என்றார்.

"பரவாயில்லை, முருங்கையிலை கிடக்கு" என்றா அம்மா, குசினியில் அடுப்பைப் பார்த்தபடி.

எனக்குச் சிப்பாய்களில் கோபம் வரவில்லை. ஐயாவின் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது. அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னபோது செம்பை எட்ட வைத்துவிட்டு வந்தேன்.

பொழுதுபடத் தங்கச்சி முற்றத்தில் காதைப் பிடித்துக்கொண்டு குந்தி எழும்பினாள். "ஐயா, பாருங்கோ! நானும் உங்களை மாதிரிச் செய்யிறன்!"

அம்மா பாய்ந்து கையை ஓங்கினா.

"அடியாதையும்" என்றார் ஐயா. கிட்டப்போய்த் தங்கச்சியின் கைகளைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். "காணும் பிள்ளை, கால் நோகும்." பிறகு அம்மாவிடம், "நீரும் கண்டனீரோ?"

"ஓம்."

"மூத்தவளும்?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. ஐயா குசினிக்குப் பின்னால் போய்க் குந்தினார். அம்மாவும் போய்ப் பக்கத்தில் இருந்தா.

சில நாளில் வெடிச்சத்தம் கிட்ட வந்தது. பட்டினத்தில் அம்மாவின் தமையன் வீட்டுக்குப் போனோம். முதல்நாள் சாப்பிடும்போது மாமா கேட்டார்: "ஏன் மச்சான், ஒளிச்செண்டாலும் தொழிலுக்குப் போயிருக்கலாமே?"

"போனனான்" என்றார் ஐயா. "பிடிச்சுப்போட்டாங்கள். மனுசி பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்கத் தோப்புக்கரணம் போட்டனான்."

காற்று எந்தப் பக்கம் என்று சொல்கிற குரலில் சொன்னார். மாமா சொதிச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். ஐயா என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் சோற்றுக் கோப்பையை விட்டுத் தலை நிமிரவில்லை.