இங்கே அழுத்தவும்

இரண்டாயிரத்து ஆறில் புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் நான் கிளார்க். கேகாலையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். தோட்டத்தில் மௌஸ் பிடிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர், அதில் ஒருவர் தோட்டத்து மேனேஜர் துரை. குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். என்னுடையது கால்குடம், அதனால் ஆட்டம் கொஞ்சம் கூடுதல்.

தரச் சான்றிதழுக்காகக் கொழும்பிலிருந்து பரிசோதகர் வருவதாக இருந்தது. இலையைக் காயவைக்கும் டிரையருக்குத் தமிழில் ஒரு கையேடு வேண்டும் என்றார் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர். உள்ளே தூள் பற்றிக்கொண்டால் பெரிய ஆபத்து. எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்த டிரையருக்குப் பொறுப்பாக இருந்தவர் என் மச்சான், தங்கையின் கணவர். பொறுப்பு தற்காலிகம்தான். பரிசோதனை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரமாக்குவதாகத் துரை வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் எல்லோரும் அந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம்.

கோளாறுகளின் பட்டியல் முன்னால், செய்ய வேண்டியவை பின்னால். ஒவ்வொரு கோளாறுக்கும் நேரே பக்க எண்ணைப் போடச் சொன்னார் டீமேக்கர்.

“பக்க நம்பரெல்லாம் பழைய காலங்க சார். நடுவுல ஒரு பக்கம் சேத்தா எல்லாமே மாறிப்போயிரும். லிங்க் போட்டா, அழுத்துன ஒடனே அங்க போய் நிக்கும்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. வேலைக்கு ஆகணும், அவ்வளவுதான்.”

எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்க வேண்டும். ‘புகை வந்தால்: இங்கே அழுத்தவும்’ என்று எல்லாக் கோளாறுக்கும் அடிக்கோடு போட்டு லிங்க் வைத்தேன். பிறகு கேகாலைக்குப் போய் மூன்று நாள் அலைந்து கலர் அட்டை அடித்து வந்தேன். கையேட்டை மச்சானிடம் கொடுத்தது பரிசோதனைக்கு முதல் நாள் சாயங்காலம்.

“அட்டை ஜோரா இருக்கு மச்சான்,” என்றார். என் தலை கூரையை முட்டியது.

கம்ப்யூட்டர் இருப்பது மாடியில் ஆபீசில், டிரையர் இருப்பது கீழே என்று எனக்குத் தெரியாதா? தெரியும். காகிதத்தில் அச்சடித்ததும் நான்தான். ஆனாலும் புத்தி அந்தப் படிக்கட்டில் இறங்கவே இல்லை.

மறுநாள் பரிசோதகர் டிரையர் முன்னால் நின்று, புகை வந்தால் என்ன செய்வாய் என்று சிங்களத்தில் கேட்டார். இலை போடுவதை நிறுத்துவது, காற்றாடியை நிறுத்துவது என்று மச்சான் சிங்களத்திலேயே மளமளவென்று சொன்னார்.

“கோ, பொத்தே பென்னன்ன,” என்றார் அவர். புத்தகத்தில் காட்டச் சொல்கிறார்.

மச்சான் பட்டியலைப் புரட்டிப் புகையைப் பிடித்தார். ‘இங்கே அழுத்தவும்.’ அதைப் பார்த்தார், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் கட்டைவிரலால் அந்த எழுத்தை அழுத்தினார்.

பரிசோதகர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கூட நின்று சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மச்சான் தாள் தாளாகத் தேடி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பரிசோதகர் எழுதிவிட்டார்: பொறுப்பாளருக்குக் கையேட்டைப் பயன்படுத்தத் தெரியவில்லை.

நிரந்தரம் அடுத்த பரிசோதனைக்குத் தள்ளிப்போனது. தங்கை என்னைத் திட்டவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு பிளேன் டீ கேட்டால் மட்டும், “அடுப்புக்கிட்ட போய் அழுத்துங்கண்ணே, வரும்,” என்பாள். மச்சானும் சேர்ந்து சிரிப்பார்.

பக்க எண் போட்டுத் திருத்தி எழுத, மச்சானின் பிரதியைக் கேட்டு வாங்கி வந்தேன். அட்டையில் எண்ணெய்க் கை பட்டிருந்தது. பட்டியலைத் திறந்தேன். முதல் ‘இங்கே அழுத்தவும்’ அருகே பென்சிலால் ‘பக். 9’ என்று எழுதியிருந்தது. அடுத்ததில் ‘பக். 17’. ஒவ்வொன்றையும் பின்னால் தேடிப் பார்த்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். பதினோராவது கோளாறோடு பென்சில் நின்றிருந்தது.

புகை பன்னிரண்டாவது. எனக்கு அட்டைக்கு மூன்று நாள். அவருக்கு நான் கொடுத்தது ஒரு சாயங்காலம்.